பால்கனியில் பியாடகி

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கிய பியாடகி மிளகாய் வற்றலைக் கிள்ளினால் விதை கொட்டும். சாம்பார் பொடிக்குப் போகிறவற்றில் நாலைந்தை ஒதுக்கி வையுங்கள்; வெயிலில் காய்ந்த வற்றலின் விதை பெரும்பாலும் முளைக்கும். ஹாவேரி மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கி, 2011இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது. சுருங்கிய தோல், ஆழ்ந்த சிவப்பு, அடக்கமான காரம். ரகம் மாறாமல் வரவேண்டும் என்பவர்கள் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரகங்களைத் தேடலாம்.

மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். பெங்களூரின் ஜனவரி இரவுகள் அதற்கு ஆகாது. பிப்ரவரி கடைசியில் விதைப்பதே நல்லது. தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் போதும். ஒரு வாரம், பத்து நாள் ஒன்றும் தெரியாது. பிறகு வளைந்த கழுத்தோடு தண்டு மண்ணை முட்டி எழும்; விதையுறையைத் தொப்பியாய்ச் சுமந்தபடி இரண்டு இலைகள் பிரியும். இதைவிட அழகான காட்சியை நான் கண்டதில்லை, லால்பாக் மலர்க்கண்காட்சியையும் சேர்த்தே சொல்கிறேன்.

செடி வளர்ந்ததும் வெள்ளைப் பூக்கள் தலைகவிழ்ந்து பூக்கும். காற்று வராத பால்கனியில் கிளையை விரலால் லேசாகத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

பழுத்ததை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். காரம் சுரப்பது விதையில் அல்ல, விதையைத் தாங்கும் வெளிறிய சவ்வில். பறவைகளுக்கு அது உறைப்பதே இல்லை. எனவே, பழம் சிவந்ததும் கொண்டைக்குருவிகள் வந்துவிடும். வலை கட்டுவது அவரவர் விருப்பம், நான் கட்டுவதில்லை.