நட்டாலத்து நீலகண்டரும் யோபு வரலாறும்

புதுக்கடையை அடுத்துள்ள முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிவது சிவாலய ஓட்டம். மாசிச் சிவராத்திரியில் அடியவர் நோன்பிருந்து, காவியுடுத்து, கையில் விசிறி கொண்டு, 'கோவிந்தா கோபாலா' என்று ஒலித்துப் பன்னிரு சிவாலயங்களையும் ஓடி வழிபடுவர். இது தாமே விரும்பி மேற்கொள்ளும் உடலொறுப்பு. அவ்வோட்டம் முடியும் நட்டாலத்திலேதான் 1712-இல் நீலகண்ட பிள்ளை பிறந்தார். அவர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆயினார். அவர் வரலாற்றிற் பேசப்படுவது தேடிக்கொண்ட ஒறுப்பன்று. வந்த துன்பத்தை ஏற்றமையாம். இவ்வேறுபாடு நோக்காதார், கத்தோலிக்கர் துன்பத்தையே இன்பமாகப் போற்றுவர் என்பர். அது பொருந்தா உரை.

ஒருசந்தியும் சுத்தபோசனமும் அம்மதத்தார் தாமே மேற்கொள்வன. நோயும் வறுமையும் பழியும் வலிய வருவன. பின்னவற்றைப் பொறுத்தலே சிறந்ததென்பது பிரான்சிஸ்கு சலேசியார் (1567–1622) கருத்து. தானே தெரிந்துகொண்ட நோன்பினுள் தன்விருப்பு ஒளிந்து நிற்கும்; தேடாது வந்த துன்பத்தில் அதற்கு இடம் அரிது. யான் எனது என்னுஞ் செருக்குத் துறவுக்கோலத்தினுள்ளும் புகுமென்பதை அறிந்த சைவர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

கால்நடையும் பயிரும் இழந்து வருந்திய நீலகண்டருக்கு, 1741-இல் குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவராய் உயர்ந்த டிலனாய், யோபுவின் வரலாறு கூறித் தேற்றினார் என்ப. அந்நூலை யோபுவின் பொறுமை ஒன்றே கூறுவதாகக் கொள்வது வழக்கம். நூலை முற்றக் கற்பார்க்கு அது புலம்பலும் வழக்காடலும் நிறைந்ததென்பது விளங்கும். யோபு வாய் மூடிப் பொறுத்தவனல்லன். தான் பிறந்த நாளையே வெறுத்துப் பேசினான். 'நீ செய்த பாவமே இது' என்று இடித்துரைத்த நண்பர்களையே இறைவன் முடிவிற் கடிகின்றான்.

இதனை வினைக்கொள்கைக்கு மறுப்பாக எடுத்துக்காட்டுவாரும் உளராகலாம். அங்ஙனமன்று. பிராரத்தம் கூறப்படுவது, தனக்கு வந்ததனை இறைவன் ஊட்டுவதாக உணர்ந்து வெறுப்பொழிதற்கு. துன்புறுவான் முன் சென்று அவனைக் குற்றவாளியாக்குதற்கன்று. நண்பர் செய்தது பின்னது. அவ்விழுக்கு எச்சமயத்தார் வாயிலும் எளிதிற் புகும்.

நூலின் இறுதியே தளர்ச்சியுடையது. 7,000 ஆடுகளை இழந்தவன் 14,000 பெறுகின்றான். ஆட்டுக்கு ஆடு ஈடாகும். மாண்ட பத்து மக்களுக்கு, பின் பிறந்த பத்து மக்கள் ஈடாவரோ? கால்நடை இழந்து நின்ற ஒருவர்க்கு இவ்விறுதி ஆசை ஊட்டுவதாக முடிந்திருத்தல் கூடும். ஆயின் நீலகண்டர்க்கு இழந்தவை மீளவில்லை. 1749-இற் சிறைப்பட்டு, 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையிற் சுடப்பட்டு இறந்தார். இரட்டிப்பை நோக்கியிருந்தாராயின் அம்மூன்றாண்டுச் சிறையிலேயே அவர் உறுதி குலைந்திருக்கும்.

அவ்வுறுதிக்குப் பற்றுக்கோடு யாதென்பதை அம்மதத்தார் யோபுவிடத்தன்றிச் சிலுவையிடத்தே காட்டுவர். ஒருவன் படும் துன்பம் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்ந்து பிறர்க்கும் பயன்படும் என்பது, சின்னப்பர் கொலோசேயர்க்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தைப் பற்றி அவர் கொள்ளும் துணிபு. சித்தாந்தம் பிரிந்து நிற்பது ஈண்டே. தன்வினை தானே நுகர்ந்து கழித்தற்குரியது. அதனைப் பிறர்பொருட்டு ஒப்புவித்தல் என்னும் வழக்கு அதன்கண் இல்லை. மெய்ப்பொருள் நாயனார் தம்மைக் குத்திய முத்தநாதனைத் தத்தனைக்கொண்டு ஊறின்றி ஊர் கடத்தினார். அவர் பொறுத்தது அவன் அணிந்த திருவேடத்தின் பொருட்டு. தம் துன்பத்தாற் பிறர்க்குப் பயன் விளையும் என்னும் எண்ணத்தாலன்று.