கர்ப்பிணிக்கு எந்த இரும்பு மாத்திரை?

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு, நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொன்னது. அதற்கு முந்தைய ஆய்வில் அது 50.4 சதவீதம். தமிழ்நாட்டிலும் பாதிக்குச் சற்றுத்தான் குறைவு. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைச் சோதித்ததால் எண்ணிக்கை கூடித் தெரிகிறது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும், மிஞ்சுவது இவ்வளவு காலம் நடந்த திட்டத்துக்குப் பெருமை சேர்க்கும் எண்ணாக இருக்காது.

பழி முதலில் மாத்திரை மேல்தான் விழுகிறது. ‘கவர்மெண்ட் மாத்திரை ஒத்துக்காது, வெளியில் வாங்கிக்கோ’ என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை சொல்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிவப்பு மாத்திரையில் இருப்பது ஃபெரஸ் சல்ஃபேட். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. தனியார் மருத்துவமனைச் சீட்டில் பெரும்பாலும் 100 மில்லிகிராம் இரும்பு கொண்ட ஃபெரஸ் அஸ்கார்பேட் இருக்கும், விலையும் பல மடங்கு இருக்கும். விலை கூடிய மாத்திரை கூடுதலாக ரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா?

மாத்திரையே வேலை செய்யவில்லை என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். கர்ப்ப காலத்தில் தினசரி இரும்பு கொடுத்த சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, பிரசவ நேரத்து ரத்தசோகை ஏறத்தாழ 70 சதவீதம் குறைவதாகக் கண்டது. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் தாயின் உடலுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300, கூடும் சிவப்பணுக்களுக்கு 500, வழக்கமான இழப்புக்கு 200 என்று அது செலவாகிறது. சோறும் சாம்பாரும் கீரையும் மட்டும் இதை ஈடுகட்டாது. பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் போதும், மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

வகைகளுக்கு வருவோம். சல்ஃபேட், ஃபியூமரேட், குளுக்கோனேட் மூன்றும் இரும்பு உப்புகள்தான். 60 மில்லிகிராம் இரும்பு பெற ஃபியூமரேட் என்றால் 180 மில்லிகிராம் தேவை, குளுக்கோனேட் என்றால் 500 மில்லிகிராம். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது உப்பின் எடையா, உள்ளிருக்கும் இரும்பின் எடையா என்று பார்க்காமல் இரண்டு மாத்திரைகளை ஒப்பிடுவது வீண். இரும்பின் அளவைச் சமமாக்கிவிட்டால் இந்த மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. அஸ்கார்பேட்டின் விளம்பர பலம் வைட்டமின் சி. ஆனால் 2020இல் வெளியான ஒரு சீனச் சோதனையில், இரும்புக் குறைபாட்டு ரத்தசோகை உள்ள பெரியவர்களுக்கு வைட்டமின் சி சேர்த்துக் கொடுத்தபோதும் கொடுக்காதபோதும் ஹீமோகுளோபின் ஒரே அளவில்தான் ஏறியது. பாலிமால்டோஸ் டானிக் வயிற்றைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து உடல் இரும்பை எடுத்துக்கொள்வது மெதுவாகவே நடக்கிறது. குடலில் கரையும்படி மேற்பூச்சிட்ட மாத்திரைகளில் வேறொரு கோளாறு: இரும்பை நன்றாக உறிஞ்சும் இடம் சிறுகுடலின் தொடக்கம், மாத்திரையோ அந்த இடம் தாண்டித்தான் கரைகிறது.

என்னை யோசிக்க வைப்பது பிஸ்கிளைசினேட் என்ற இன்னொரு வகை இரும்பு. 2014இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், 25 மில்லிகிராம் பிஸ்கிளைசினேட் இரும்பு எடுத்த கர்ப்பிணிகள், 50 மில்லிகிராம் சல்ஃபேட் இரும்பு எடுத்தவர்களுக்குப் பின்தங்கவில்லை. வயிற்றுக் கோளாறும் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் இறைச்சி சாப்பிட்டு, உடலில் ஓரளவு இரும்பு இருப்போடு கர்ப்பம் தரித்த பெண்கள். பதின்ம வயதிலிருந்தே ரத்தம் குறைவாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த 25 மில்லிகிராமை அப்படியே எழுதிக்கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஆக, எந்த உப்பு என்பதைவிட எவ்வளவு என்பதே பெரிய கேள்வி. இங்கே நம் திட்டமே ஒருமுறை தடுமாறியிருக்கிறது. 60 மில்லிகிராமில் தொடங்கி, தொண்ணூறுகளில் 100 ஆக்கினார்கள். 2018இல் வந்த ‘ரத்தசோகை இல்லா பாரதம்’ திட்டம் மறுபடியும் 60க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 30 முதல் 60 வரை போதும் என்கிறது. கர்ப்பிணிகளில் 40 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை உள்ள நாடுகளுக்கு 60 நல்லது என்கிறது. அதனால் ரத்தசோகை வராமல் தடுப்பதற்கு 100 மில்லிகிராம் எழுதும் பழக்கத்துக்கு ஆதாரம் மெலிவாகவே இருக்கிறது. உடல் எடுத்துக்கொண்டது போக மிச்ச இரும்பு முழுவதும் குடலில் கிடந்துதான் மலச்சிக்கலையும் குமட்டலையும் கறுத்த மலத்தையும் தருகிறது.

ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2015இலும் 2017இலும் இன்னொரு கதவைத் திறந்தார்கள். ஒரு வேளையில் 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, மறுநாள் மாத்திரையிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் இரும்பு 35 முதல் 45 சதவீதம் வரை குறைகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையும் கூடுதலாகப் பலன் தருகிறது. இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகளுக்கும் உடனே மாற்றிவிடலாம் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் பங்கேற்ற பெண்கள் யாரும் கர்ப்பிணிகள் இல்லை. கர்ப்பத்தின் பிற்பாதியில் ஹெப்சிடின் தானாகவே இறங்கி, உடல் இரும்புக்கு வாசலை அகலத் திறந்துவைக்கிறது. எனவே ரத்தசோகை பரவலாக உள்ள நம் ஊரில் தினசரி மாத்திரையே சரியான அடிப்படை. வயிறு தாங்கவே தாங்காது, மொத்தமாக நிறுத்திவிடப் போகிறேன் என்று சொல்லும் பெண்ணுக்கு, ஒன்றுமே எடுக்காமல் இருப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எவ்வளவோ மேல். அந்த முடிவை மருத்துவர் எடுக்க வேண்டும், அவளாக எடுக்கும்படி விடக்கூடாது.

நம் திட்டத்தின் உண்மையான ஓட்டை விழுங்குவதில் இருக்கிறது. வழிகாட்டி சொல்வது குறைந்தது 180 நாள். ஐந்தாவது ஆய்வின்படி நாட்டில் 180 நாள் சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார்கள் 26 சதவீதம் மட்டுமே. பரிசோதனை நாளில் நர்சம்மா அட்டையில் ‘30 கொடுக்கப்பட்டது’ என்று எழுதுகிறார், மாதக் கணக்கில் அது ஏறிவிடுகிறது. போன மாதம் கொடுத்த முப்பதில் எத்தனை மிச்சம் என்று எழுத அதே முனைப்பு இல்லை. மலம் கறுப்பானால் குழந்தையும் கறுப்பாகப் பிறக்கும், மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்ற பயங்கள் வீட்டுக்குள் இன்னும் உலவுகின்றன. அவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. மலம் கறுக்கும், அது உறிஞ்சாமல் வெளியேறும் இரும்புதான், குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று முதல் அட்டையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் பாதிப் பயம் அன்றே போயிருக்கும்.

விழுங்கும் நேரமும் கவனிக்கப்படுவதில்லை. காலையில் இட்லி, கையோடு காபி, உடனே சிவப்பு மாத்திரையும் வெள்ளைக் கால்சியம் மாத்திரையும் ஒரே வாயில். மறக்காமல் போட்டுவிட்டேன் என்று அந்தப் பெண் நிம்மதியாக இருக்கிறாள். காபியும் கால்சியமும் சேர்ந்து இரும்பைத் தடுத்துவிடுகின்றன. கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடும் இரும்பை இரவு படுக்கப்போகும் முன்பும் பிரித்துவிட்டால் காசு செலவில்லாமல் பலன் கூடும், குமட்டலும் தூக்கத்தில் கழிந்துவிடும். விலை உயர்ந்த மாத்திரைக்கு மாறுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

இதையெல்லாம் செய்து, உண்மையாகவே மாத்திரையை விழுங்கி, ஒரு மாதம் கழித்தும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால் மாத்திரையின் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை. பி12 குறைவு, தலசீமியா, குடற்புழு என்று காரணத்தைத் தேட வேண்டும். இரும்புக் குறைவுதான் என்று உறுதியானால், பிரசவம் நெருங்கும்போது அயர்ன் சுக்ரோஸ் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது.

திட்டத்திலேயே எழுதப்பட்டும் யாரும் பொருட்படுத்தாத ஒன்றும் உண்டு. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் மாத்திரை தொடர வேண்டும். குழந்தை பிறந்ததும் எல்லாக் கண்ணும் குழந்தையின் எடை மேல் போய்விடுகிறது. பிரசவத்தில் ரத்தம் இழந்த தாயின் மாத்திரை அட்டையை யாரும் கேட்பதில்லை. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிவரும் ஒவ்வொரு முறையும் தாயிடமும் அந்த அட்டையைக் கேட்டால், அடுத்த கர்ப்பத்தை அவள் இரும்பு இருப்பு இல்லாமல் தொடங்க நேராது.