வந்துருச்சு: ஒரு ரகரத்தின் வழக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். கம்பம் பஸ் ஸ்டாண்டில் பூக்கூடையோடு நிற்கும் கிழவி பேத்தியிடம், "குமுளி வண்டி வந்துருச்சு, ஏறுத்தா" என்கிறாள். அச்சில் அவள் "வந்துடுச்சு" என்றாள். "ரெண்டும் பேச்சுத் தமிழ்தானே, என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டார் திருத்தியவர். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

'வந்துவிட்டது' தேய்ந்துதான் 'வந்துருச்சு' ஆனது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. கடைசியில் இருக்கும் 'ச்சு', 'விட்டது' என்பதிலிருந்து வரவில்லை. ஆயிற்று ஆச்சு, போயிற்று போச்சு, ஓடிற்று ஓடுச்சு என்று வந்த பழைய 'இற்று' அது. நடுவில் இருப்பது 'விடு' என்ற துணைவினை. வகரம் உதிர்ந்து 'டு' மிஞ்சியது. உயிர்களுக்கு நடுவே ஒற்றை டகரம் மெலிந்தே ஒலிக்கும். நாக்கு இன்னும் கொஞ்சம் தளர்ந்தால் ரகரம். மதுரை, தேனிப் பக்கம் அது தளர்ந்தது.

அசை பிரித்தால் வந்/துவிட்/டது கூவிளங்கனி, வந்/துருச்/சு கூவிளங்காய். இரண்டுக்கும் மூன்று அசைதான். கனி காயானதே தவிர சீர் உடையவில்லை.

இது சோம்பேறி நாக்கின் வேலையும் இல்லை. எங்கள் ஊரில் வந்துரு, வந்துருவேன், வந்துருச்சு என்போம். ஆனால் 'வந்துட்டேன்' அப்படியேதான் இருக்கும். இரட்டித்த டகரம் அசையாது, ஒற்றை மட்டுமே மாறும். யாரும் சொல்லித்தராத இந்த விதியை மூன்று வயதுக் குழந்தை பிசகாமல் பேசுகிறது. மரூஉவை நன்னூலே இயல்பு வழக்கில்தான் வைக்கிறது.

இன்று படிக்கும் பல கதைகளில் முல்லைப் பெரியாறு ஓடுகிறது, திராட்சைப் பந்தல் இருக்கிறது, ஏலக்காய் மணக்கிறது. ஆட்கள் வாயைத் திறந்தால் மட்டும் டிவி சீரியல். இன்னொரு பக்கம், மண்வாசனைக்காக வார்த்தைக்கு வார்த்தை உடைத்துக் கொச்சையாக்குகிறவர்கள். இரண்டு பேருமே காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பதுதான் என் புகார். கி.ரா. 1982-இல் கரிசல் வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். அகராதியில் சொல்லைச் சேர்த்துவைக்கலாம். வினையின் நடுவில் நிற்கும் ஒற்றை ரகரத்தை எங்கே சேர்ப்பது? உரையாடலில் எழுதினால்தான் உண்டு.

என்ன கெட்டுப்போச்சு என்றால், கிழவியின் ஊர் போச்சு. தொகுப்பு வரும்போது அவளுடைய ரகரத்தைத் திருப்பிக் கொடுத்துருவேன்.