கதை நுழையாத வீடு

'தந்தையும் மகனும்' என்றவுடன் பலருக்குத் துர்கனேவின் நாவல்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வந்தது அது அல்ல. எட்மண்ட் காஸ் என்ற ஆங்கில விமரிசகர் 1907-ல் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட சுயசரிதை ஒன்றைப் பற்றி. முதல் தடவை அதைப் படித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயசு. மகன் கட்சியில் நின்றுகொண்டு படித்தேன். போன மாசம் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை தகப்பனார் எழுதிய புத்தகத்தையும் தேடிப் பிடித்துச் சேர்த்துப் படித்தேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்குகிறது.

தகப்பனார் பிலிப் ஹென்றி காஸ் (1810–1888) சாமானியர் அல்ல. கடற்கரைப் பாறை இடுக்குகளில் பூ மாதிரி விரிந்து கிடக்கும் பிராணிகளைப் பற்றி அவர் அளவுக்கு அறிந்தவர்கள் அன்றைய இங்கிலாந்தில் குறைவு. கண்ணாடித் தொட்டியில் கடல் ஜீவன்களை வைத்து வளர்க்கும் வழக்கத்தை அந்த நாட்டில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். 1856-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. அதே மனிதர் 'ப்ளிமத் சகோதரர்கள்' என்ற கூட்டத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். பைபிளில் இருப்பது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது அவர் கட்சி. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்றால் ஆறு நாள்தான்.

இந்த ஆறு நாளுக்குத் தேதியும் குறித்து வைத்திருந்தார்கள். ஆர்ச்பிஷப் அஷர் என்பவர் பைபிளில் உள்ள வம்சாவளிகளையும் பழைய சரித்திரங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு, சிருஷ்டி நடந்தது கி.மு. 4004-ல் என்று 1650-ல் எழுதினார். 1701 முதல் ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அவர் கணக்கை அச்சிட்டார்கள். நாளாவட்டத்தில் மூலம் எது, ஓரத்துக் குறிப்பு எது என்கிற பேதமே பலருக்கு மறந்துவிட்டது. பிறகு சார்லஸ் லயல் 1830-லிருந்து 1833 வரை மூன்று பாகங்களாகத் தமது பூகர்ப்ப சாஸ்திர நூலைக் கொண்டுவந்தார். மழையும் ஆறும் கடலும் எரிமலையும் இன்று செய்கிற வேலையையே அன்றும் செய்து வந்திருக்கின்றன, அதற்குக் கணக்கில்லாத காலம் வேண்டும் என்பது அவர் வாதம்.

பிலிப் காஸுக்கு இக்கட்டு இங்கேதான். பாறையில் கிடந்த எலும்பை இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. கண்ணால் பார்த்ததைப் பொய் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். வேதத்தையும் விடமாட்டார். ஆகவே 1857-ல் 'ஓம்ஃபலோஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். கிரேக்க மொழியில் தொப்புள் என்று அர்த்தம்.

ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா? அவன் தாய் வயிற்றில் பிறந்தவன் அல்ல, இருக்க நியாயமில்லை. ஆனால் தொப்புள் இல்லாமல் பூரண மனிதன் ஏது? ஏதேன் தோட்டத்து மரத்தை அன்றைக்கே வெட்டிப் பார்த்திருந்தால் உள்ளே வளையங்கள் இருந்திருக்கும். நடக்காத வருஷங்களின் வளையங்கள். உயிர்கள் வட்டமாக ஓடுகின்றன. கோழி, முட்டை, கோழி. கடவுள் அந்த வட்டத்தில் எங்கே புகுந்து சிருஷ்டியை ஆரம்பித்தாலும் அதற்கு முந்திய பாதியின் அடையாளம் இருந்தே தீரும். அதுபோலவே பூமியும், தன் பாறைகளோடும் அவற்றில் பதிந்த எலும்புகளோடும், நடக்காத ஒரு பழைய காலத்தின் தழும்புகளோடும் ஒரே வாரத்தில் படைக்கப்பட்டது என்கிறார். வரிசை வரிசையாகச் செடிகளையும் பிராணிகளையும் கொண்டுவந்து நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கிறார்.

சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் மறுத்துப் பாருங்கள், மறுக்க முடியாது. 1956-ல் க்ளேர் பாட்டர்ஸன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமிக்கு சுமார் 455 கோடி வயசு என்று காட்டினார். இன்று 454 கோடி என்கிறார்கள். பிலிப் காஸ் உயிரோடிருந்தால் அதற்கும் கலங்கமாட்டார். அந்த ஈயமும் அந்த அளவிலேயே படைக்கப்பட்டது என்று சொல்லிவிடுவார். உலகம் ஐந்து நிமிஷத்துக்கு முன், நம் ஞாபகங்களோடு சேர்ந்தே முளைத்தது என்று வைத்துக்கொண்டாலும் தர்க்கத்தில் மறுக்க வழியில்லை என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1921-ல் எழுதினார். எதிர்த்து எந்தச் சாட்சியும் வர முடியாதபடி ஒரு வாதத்தைக் கட்டிவிட்டால், அதற்கு ஆதரவாகவும் எந்தச் சாட்சியும் வர முடியாது. அந்தக் கோட்டைக்குள் பத்திரமாக இருக்கலாம். பார்க்க ஜன்னல் கிடையாது.

நான் கதை எழுதுகிறவன். பிலிப் காஸின் கடவுள் செய்கிற காரியம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. முதல் அத்தியாயத்தில் ஐம்பது வயசு மனிதர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். நெற்றியில் ஒரு தழும்பு. சின்ன வயசில் மாமரத்திலிருந்து விழுந்தது. மாமரமும் இல்லை, விழவும் இல்லை. தழும்பு மட்டும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவர் மனிதராக நடமாடமாட்டார். பிலிப் காஸ் தம்மை அறியாமலே கடவுளை நாவலாசிரியராக்கிவிட்டார்!

இதில் ஒரு விபரீதம் உண்டு. அவர் வீட்டில் கதைக்கே இடமில்லை. மகன் எழுதியிருக்கிறார்: குழந்தைப் பருவத்தில் தமக்கு யாரும் ஒரு கதை சொன்னதில்லை. தாயார் எமிலி சிறுமியாக இருந்தபோது கதை கட்டிச் சொல்வதில் ஆசை கொண்டவள். பாடம் சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள் அது பாவம் என்று சொல்லிவிட்டாள். எமிலி அதை ஆயுசு முழுவதும் நம்பி அந்த ஆசையை அடக்கிக்கொண்டாள். நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய், பொய் பாவம். அவ்வளவுதான் கணக்கு.

புத்தகத்தில் என் மனசை விட்டுப் போகாத காட்சி ஒன்று. பரணில் கிடந்த பழைய பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஏதோ மலிவான மர்ம நாவலின் தாள்களை ஒட்டியிருந்தார்கள். பையன் அதைக் கண்டுபிடித்து, வெறுந்தரையில் மண்டியிட்டு நடுங்கிக்கொண்டே படிக்கிறான். அத்தனையும் நிஜம் என்றே நம்புகிறான். பாவம், வேறு எப்படிப் படிப்பான்? கதை என்று ஒரு தினுசு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

மகன் பெட்டி மூடியைப் படித்த மாதிரிதான் தகப்பனார் ஆதியாகமத்தைப் படித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மை பல குரல்களில் பேசும். காவியத்தின் குரல் ஒன்று, கணக்குப்பிள்ளையின் குரல் ஒன்று. அந்த வீட்டில் ஒரே குரலைத்தான் காதில் வாங்கப் பழகியிருந்தார்கள். கிறிஸ்தவர்கள் எல்லோரும் இப்படிப் படித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஆறு நாளைச் சாதாரண நாளாகக் கொள்ள வேண்டியதில்லை என்று கருதியவர்களில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகஸ்டினும் ஒருவர்.

புத்தகம் வெளிவந்தபோது சாஸ்திரிகளும் கைவிட்டார்கள், பக்தர்களும் கைவிட்டார்கள். பிலிப் காஸ் பெரிதும் எதிர்பார்த்திருந்தது அவருடைய நண்பர் சார்லஸ் கிங்ஸ்லியின் வார்த்தையை. கிங்ஸ்லி பாதிரியார், நாவலாசிரியரும்கூட. அவராலும் ஒப்ப முடியவில்லை. கடவுள் பாறையில் பெரியதொரு பொய்யை எழுதி வைத்தார் என்று தம்மால் நம்ப முடியாது என்ற கருத்தில் கடிதம் எழுதினார். கதைக்கும் பொய்க்கும் உள்ள எல்லையை ஒரு கதாசிரியர் காட்டிக்கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம். நான் எழுதுவது கதை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாறையில் அப்படி எதுவும் எழுதியில்லை.

இதைப் படித்துவிட்டு நம்மவர்கள் முதுகில் தட்டிக்கொள்ள வேண்டாம். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருஷம், விஞ்ஞானம் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான் என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குவதைக் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணைச் சொன்னவர்கள் பாறையை அளந்து சொல்லவில்லை. எண்கள் அருகருகே வந்தது தற்செயல். புராணத்தைக் கணக்கேடாகப் படிப்பது எந்த மதத்தில் செய்தாலும் அதே தப்புதான்.

மகனிடமும் குறை உண்டு. 1890-ல் தகப்பனாரின் வாழ்க்கையை மரியாதையாக எழுதியவர் அவரேதான். பதினேழு வருஷம் கழித்து எழுதிய இரண்டாவது புத்தகத்தில், 'ஓம்ஃபலோஸ்' தோல்வியில் கிழவர் நொறுங்கிப்போன மாதிரி ஒரு சித்திரம் வருகிறது. உண்மையில் பிலிப் காஸ் அதற்குப் பிறகும் உற்சாகமாக எழுதினார். கடல் பூக்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1858-லிருந்து 1860-க்குள் வந்தது. ஆன் த்வெய்ட் 2002-ல் எழுதிய பிலிப் காஸின் வாழ்க்கை வரலாறு, மகன் தீட்டிய சித்திரம் எவ்வளவு ஒருதலையானது என்று காட்டுகிறது. முழுக்க உண்மை என்று முன்னுரையில் உறுதி சொன்ன மகனும் கொஞ்சம் நாவல்தான் எழுதியிருக்கிறார். கதை மறுக்கப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தப் பசி இருந்திருக்கும்.

இருபத்திரண்டு வயசில் தகப்பனாரைக் கொடுமைக்காரர் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பாறையையும் மறுக்காமல் வேதத்தையும் மறுக்காமல் இரண்டுக்கும் நேர்மையாக இருக்கப் பார்த்தவர். ஜலப்பிரளயத்தின் தலையில் எல்லாப் பாறைகளையும் கட்டிவிட்டு, இன்றைக்கும் பூமிக்கு ஆறாயிரம் வயசு என்று சாதிக்கிறவர்களைவிட அவர் எவ்வளவோ மேல். அவருக்குக் குறைவாக இருந்தது அறிவு அல்ல. ராத்திரி கதை கேட்டுக்கொண்டிருக்கும் என் சின்னப் பெண் பாதியில் எழுந்து உட்கார்ந்து, "இது நிஜமா, கதையா அப்பா?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி பிலிப் காஸின் வீட்டில் ஒரு நாளும் எழவில்லை.

மகனுடைய புத்தகத்தை அவசியம் படியுங்கள். தகப்பனாருடையது கிடைத்தால் அதையும் படியுங்கள், சிரிப்பதற்காக அல்ல.