சிலந்தியின் முகமும் படத்தின் வாய்மையும்

கவிதைக்கும் சிறுகதைக்கும் அளவுகோல் தேடும் நாம், வீட்டில் வளர்க்கப்படும் டாரண்டுலாச் சிலந்தியின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வண்ணப்படத்தைக் கண்டால் வியப்போடு நின்றுவிடுகிறோம். படமும் ஒரு கூற்றே. அக்கூற்று மெய்யா என்று கேட்பது திறனாய்வாளன் கடன்.

'மேக்ரோ' எனப்படும் அண்மைப் படக்கலையில், உயிரி தன் இயல்பான அளவிலேயே படக்கருவியின் உணர்தளத்தில் பதிகிறது. அத்துணை அருகில் செல்லுங்கால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். வில்லையின் துளையைக் குறுக்கினால் ஆழம் கூடும். ஆயினும் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுதும் மங்கும். ஆகவே குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிந்த பகுதிகளை மட்டும் ஒன்றாக இணைக்கின்றனர். நெடுநேரம் அசையாதிருக்கும் டாரண்டுலா இம்முறைக்கு இசைந்த உயிர். அது உரித்த தோலோ இன்னும் இசைவானது. நச்சுப்பற்களும் கண்மூடிகளும் அதில் அப்படியே எஞ்சியிருக்கும்.

இம்முறையின் உச்சத்தை லெவான் பிஸ் என்னும் ஆங்கிலேயக் கலைஞர் 2016-ஆம் ஆண்டு ஆக்சுபோர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்டினார். ஒரு பூச்சிக்கு எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்; ஒவ்வொன்றுக்கும் இடையே நகர்வு 10 மைக்ரான். மூன்று மீட்டர் வரை விரிந்த அப்படங்களுடன், படமெடுக்கப்பட்ட சின்னஞ்சிறு பூச்சிகளையும் காட்சிக்கு வைத்தனர். நான் பெரிதும் போற்றுவது இதனையே. அளவு தெரியாத பெருக்கம் பாதிப் பொய். நம் முல்லைப் பாடல்களில் வரும் செந்நிற மூதாய் ஈர மணலில்தான் ஊர்கிறது. அதன் சிறுமையை நிலமே சொல்லிவிடுகிறது. கரும்பின்னணியில் மிதக்கும் இன்றைய சிலந்தி முகத்திற்கோ நிலமும் இல்லை, பொழுதும் இல்லை.

1705-இல் மரியா சிபில்லா மெரியன் வெளியிட்ட சுரினாம் பூச்சிகள் நூலை இதனோடு ஒப்பிடுக. கொய்யாக் கிளையில் ஒரு பெருஞ்சிலந்தி ரீங்காரச் சிட்டைப் பற்றியிருக்கும் ஓவியம் அதிலுண்டு. பின்வந்தோர் சிலர் அதனைக் கட்டுக்கதை என இகழ்ந்தனர். 1863-இல் அமேசான் பயண நூலை வெளியிட்ட பேட்சு, சிலந்தியிடம் சிக்கிய சிறு பறவைகளைத் தாமே கண்டதாக எழுதினார். மெரியனின் ஓவியத்தில் குறைகள் இல்லாமலில்லை. எனினும் சிலந்தி எங்கே வாழ்கிறது, எதனை உண்கிறது என்னும் வினாக்களுக்கு அவர் விடை சொல்ல முயன்றார். பளபளக்கும் நம் காலத்துப் படங்களுள் பல அவ்வினாக்களை எழுப்புவதே இல்லை.

இக்குறை வெறும் அழகியல் குறையன்று. ஆந்திரப் பிரதேசத்துக் காடுகளில் மரப்பொந்துகளில் வாழும் நீலச் சிலந்தி ஒன்றுண்டு. 1899-இல் போகாக் அதற்குப் பெயரிட்டார். அந்நீலம் சாயமன்று, மயிரின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. இவ்வினம் மிக அருகிவிட்டது. அதன் பேரினம் முழுவதும் 2019-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் படத்தைக் காணும் மாணவன் அந்த நீலத்தை மட்டும் அறிந்து, காட்டையும் பொந்தையும் அறியாது போவானாயின், அவனுக்குள் எழுவது அறிவன்று, உடைமை வேட்கை. படத்தின் கீழ் இரண்டு வரி எழுதினால் போதும்: எங்குள்ளது, எத்தனை சென்டிமீட்டர், காட்டில் பிடித்ததா கூண்டில் பிறந்ததா. அவ்விரண்டு வரியை எழுதும் படக்கலைஞர் மிகச் சிலரே.