எழுதப்படாத பக்கங்கள்

இலக்கிய வரலாறு என்பது பெரும்பாலும் எழுதப்பட்டவற்றின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. எழுதப்படாது போனவை எவை, அவை ஏன் எழுதப்படவில்லை என்னும் வினாக்களை விமர்சகர்கள் அதிகம் எழுப்புவதில்லை. தமது சொந்த வாழ்வையே சான்றாக வைத்து இவ்வினாக்களை எழுப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் ரில்லி ஓல்சன். 1978இல் வெளிவந்த 'மௌனங்கள்' என்னும் அவரது கட்டுரை நூல், குடும்பம், பிள்ளை வளர்ப்பு, எழுத்து ஆகிய மூன்றையும் பிணைத்து நோக்குவதால் நமது கவனத்துக்குரியதாகின்றது.

ருஷியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்த ஓல்சன், இளமையிலேயே பொதுவுடைமை இயக்கத்திற் சேர்ந்தவர். 1934இல் சன் பிரான்சிஸ்கோ வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதினார். அவ்வாண்டிலேயே அவரது நாவலின் ஒரு பகுதியும் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. பின்னர் நெடிய மௌனம். நான்கு பெண் பிள்ளைகளை வளர்த்தார், கூலிக்கும் உழைத்தார். வேலைக்குச் செல்லும் பஸ்ஸில் நின்றபடியும், பிள்ளைகள் உறங்கிய பின்னரும் கிடைத்த துணுக்கு நேரங்களே எழுத்துக்கு எஞ்சின. முதற் கதைத் தொகுதி 1961இலேயே வெளிவந்தது. 'யொனொண்டியோ' நாவலோ நாற்பது ஆண்டுகளின் பின், 1974இல், முற்றுப்பெறாத நிலையிலேயே அச்சேறியது.

இதனைத் தனியொரு பெண்ணின் துர்ப்பாக்கியம் எனக் கூறி ஒதுக்கிவிடலாமா? ஓல்சன் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஜோசப் கொன்ராட் தமது நாவலொன்றுடன் இருபது மாதங்கள் போராடியபோது, முன்னே வைக்கப்பட்ட உணவை உண்டதையன்றி வேறெதனையும் அறியாதிருந்ததாக எழுதியுள்ளார். அவ்வுணவைச் சமைத்துப் படைத்த கை எவருடையது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில மொழிப் பெண் எழுத்தாளருட் சிறந்தோர் பலர் மணஞ்செய்யாதோராயும் பிள்ளையற்றோராயும் இருந்தமை தற்செயலா? ஜேன் ஒஸ்ரின், எமிலி புரொன்ரே, எமிலி டிக்கின்சன் எனப் பெயர்கள் நீளுகின்றன. தாய்மை இயல்பாகவே கலைக்குப் பகையன்று. அதன் முழுச் சுமையையும் ஒருத்தியின் தோளிலே ஏற்றிவைக்கும் சமூக அமைப்பே பகையாகும். இதுவே ஓல்சனின் நூல் நமக்கு உணர்த்தும் உண்மை.

அவரது புகழ்பெற்ற சிறுகதையொன்றில் ஒரு தாய் ஸ்திரிக்கை போட்டபடி நிற்கிறாள். தன் மூத்த மகளைப் பற்றிப் பேச வருமாறு பாடசாலையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்துள்ளது. பொருளாதார மந்தகாலத்திற் பிறந்த பிள்ளை. தகப்பன் கைவிட்டுச் சென்றான். தாய் வேலைக்குப் போகப் பிள்ளை அயலவரிடமும் உறவினரிடமும் விடப்பட்டது. தாய் தன்னை நியாயப்படுத்தவுமில்லை. பழியைத் தன்மேல் மட்டும் சுமத்திக்கொள்ளவுமில்லை. அன்பு குறைந்ததனாலன்று, நேரமும் காசும் குறைந்தமையாலேயே அந்தப் பிள்ளை வாடியது என்பதைக் கதை பிரசாரமின்றி உணர்த்துகின்றது.

'மௌனங்கள்' குறையற்ற நூலன்று. அதன் பிற்பகுதி மேற்கோள்களின் தொகுப்பாகச் சிதறிவிடுகின்றது. நோயை உணர்த்துமளவுக்கு மருந்தைக் கூறவில்லை. அன்றியும், இல்லற வாழ்வு ஓல்சனிடமிருந்து பறித்ததையே நூல் பெரிதும் பேசுகின்றது. கொடுத்ததைக் குறைவாகவே பேசுகின்றது. ஸ்திரிக்கை போடும் தாயின் கதையை, அவ்வேலையை அறியாத ஒருவரால் எழுதியிருக்க முடியாது. வாழ்வு அவருக்குக் கருவைத் தந்தது. அதனை எழுதும் காலத்தைப் பறித்துக்கொண்டது. இம்முரண்பாடே அவரது இலக்கியத்தின் ஊற்றுக்கண் எனலாம்.

முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரும் இந்நூலின் முன் தலைநிமிர்ந்து நிற்றல் எளிதன்று. உழைப்புச் சுரண்டலைப் பற்றி நாம் இரவு முழுவதும் கட்டுரை வரையும்போது, குழந்தையைத் தாலாட்டி உறங்கவைப்பவர் யார்? தேநீர்க் கோப்பையை மேசையில் ஓசையின்றி வைத்துச் செல்பவர் யார்? அவருக்கும் எழுத ஏதேனும் இருந்ததா என நாம் என்றாவது கேட்டதுண்டா? இலக்கியத்தில் மக்களின் குரல் ஒலிக்க வேண்டுமெனக் கோரும் நாம், அக்கேள்வியை நமது வீட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.