எண்பது கிராம் இரும்புக்குண்டு

நயினாதீவு அம்மன் திருவிழாக் கடைகளில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டி விற்பார்கள். ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் குண்டுமணி அளவு குண்டொன்று ஓடி, ஆணிகளில் முட்டி, ஏதாவதொரு குழியில் விழும். வாங்க வசதியில்லாத ஊர்காவற்றுறைப் பெடியள் நாங்கள் பலகையில் ஆணி அடித்து, சைக்கிள் ரியூப்பை வெட்டி இழுத்துக் கட்டி, கழித்துவிட்ட பெயரிங் குண்டை அதில் ஓடவிட்டோம். 1931இல் சிக்காகோவில் டேவிட் கொட்லீப் விற்ற ‘பஃபிள் போல்’ பெட்டியும் ஏறக்குறைய இதுதான். குண்டை விட்டபிறகு கும்பிடலாம், வேறொன்றும் செய்யேலாது.

1947இல் கொட்லீப்பின் கொம்பனி விட்ட ‘ஹம்ரி டம்ரி’யில் ஹரி மாப்ஸ் என்றவர், விழவரும் குண்டைத் திருப்பி அடிக்கிற ஆறு பிளிப்பர்களைப் பொருத்தினார். அடுத்த வருசமே ஸ்ரீவ் கோர்டெக் என்றவர் இரண்டு போதும், அதுவும் கீழே வேணும் என்றார். அந்த மனுசனுக்கு எங்கேயாவது சிலை வைத்திருக்க வேணும்!

பரிஸுக்கு வந்த புதிதில் லா சப்பல் பக்கத்துக் கஃபேயில்தான் எனக்கு இந்தப் பின்போல் பைத்தியம் பிடித்தது. “காசு விழுங்கியை விட்டிட்டு வாடா, வேலைக்கு நேரமாச்சு” என்று அறையில் கூட இருந்த அண்ணை சேட்டைப் பிடித்து இழுப்பார். பழைய மெசின் எப்படியென்று அறிய 1977இல் வந்த கொட்லீப்பின் ‘சென்ரிகிரேட் 37’ஐ ஆடிப் பாருங்கள். உள்ளே கொம்பியூட்டர் இல்லை. ரிலேயும் செப்புச் சுருளும் மோட்டாரும்தான். புள்ளி விழ விழ எண் உருளைகள் டக் டக்கென்று புரளும். பத்துக்கு ஒரு மணி, நூறுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு இன்னொன்று. எல்லாம் அசல் உலோகத் தகடுகள். நிமிர்ந்து பார்க்காமல் காதாலேயே கணக்கு வைக்கலாம். பலகையின் சரிவு மூன்றரைப் பாகை அளவுதான் என்பதால் குண்டு ஆறுதலாக, யோசித்து யோசித்து இறங்கும். அந்த இடைவெளியில் பெட்டியை இடுப்பால் ஒரு தட்டுத் தட்டி அதன் மனதை மாற்றலாம். அடடா, என்ன சுகம்!

இப்போதைய மெசின்களுக்குச் சரிவு ஆறரைப் பாகை. அதே 27 மில்லிமீற்றர், 80 கிராம் குண்டு, ஆனால் பேய்வேகம். பிளாஸ்ரிக் பாதைகளில் ஏறிச் சுற்றி மற்றப் பக்கத்தால் வந்து நிற்கும். 1992இல் பட் லோலர் வடிவமைத்த ‘அடம்ஸ் ஃபமிலி’யில் பெட்டிக்குள் இருந்து ஒரு கை வெளியே வந்து, காந்தத்தால் குண்டைத் தூக்கிக்கொண்டு திரும்ப உள்ளே போகும். முதல்தடவை பார்த்தபோது நான் பிளிப்பரை அமத்தவே மறந்துபோனேன். 20,270 மெசின் விற்றதாம். விற்காமல் என்ன செய்யும்? என்னைக் கேட்டால் பின்போலின் உச்சம் அந்தத் தொண்ணூறுகள்தான். கதையும் இருந்தது, குண்டின் பாரமும் கைக்குத் தெரிந்தது.

2021இல் கீத் எல்வின் செய்த ‘கொட்ஸில்லா’வும் சும்மா இல்லை. பாலம் இடிந்து விழும், கண்ணாடிக்குப் பின்னால் படம் ஓடும். அந்தப் படம்தான் எனக்கு எரிச்சல். கண் மேலே போன நொடியில் குண்டு கீழே போய்விடும்! புள்ளியும் கோடிகளில் ஏறுவதால் ஆயிரத்துக்கு மணி அடித்த காலத்துப் புல்லரிப்பு வருவதில்லை.

ஒன்றை மட்டும் இரண்டு தலைமுறையும் மாற்றவில்லை. பெட்டிக்குள் மேசனின் தூக்குக்குண்டு மாதிரி ஒரு கூர்க்குண்டு, சுற்றிவர ஒரு வளையம். பெட்டியை அளவுக்கு மீறித் தட்டினால் அந்தக் கூர்க்குண்டு வளையத்தில் முட்டும், பிளிப்பர் செத்துப்போகும். புதிய மெசின்கள் பெரும்பாலும் முதலில் ஒன்றிரண்டு தரம் எச்சரிக்கும். பழையதுக்கு அந்தப் பழக்கமே இல்லை, முட்டினால் சரி, போனது போனதுதான். எனக்குப் பழையதின் முரட்டுத்தனம்தான் பிடிக்கும், கூடக் காசு விழுங்குவதும் அதுதான்.